கஞ்சி குடிக்காத சுவர்

"பண்டைய சிற்ப ஓவிய நுண்கலைகளில் ஆழ்ந்த புலமை வாய்ந்தவரும், நெடுநாள் ஆராய்ச்சியின் பயனாய் நம் முன்னோர் தீட்டிய அரிய சுவரோவியத்தைக் கண்டெடுத்து நாட்டுக்கு ஈந்தவரும், வளரும் ஓவியர்களின் புரவலருமாகிய கலாரசிகர் ஸ்ரீமான் ச. யாகப்பன் அவர்கள்."

1949ஆம் வருஷம் செஞ்சிக் கலைச்செல்வ வளர்ச்சிச் சங்கம் அச்சிட்ட முதல் ஆண்டறிக்கையின் ஐந்தாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது. அந்தச் சங்கத்துக்கு இரண்டாம் ஆண்டறிக்கை கிடையாது. முதலாவதே போதும் என்று இருந்துவிட்டார்கள்.

மேற்படி ஸ்ரீமான், மேற்படி பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்கக் கால் மணி நேரம் பிடித்தது. முடித்ததும் மனைவி இருதயமேரியைக் கூப்பிட்டார்.

"யாரு மே இந்த ஆளு? நம்ம பேர வெச்சிருக்கான்."

இருதயமேரி அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தாமலே சொன்னாள்: "யாரோ பெரிய எடத்து மனுசன் போலருக்குது. ஊட்டுக்கு கீட்டுக்கு கூப்ட்டுடாத. குந்த வெக்க நல்ல பாயி இல்ல."

யாகப்பன் வெள்ளையடிப்பவர். அப்போது நாற்பத்தெட்டு வயது. முப்பது வருஷமாகச் சுண்ணாம்பிலேயே நின்றதால் புருவம் எப்போதும் வெளுத்திருக்கும். தலைமுடி நிஜமாகவே எப்போது நரைத்தது என்று அவருக்கே தெரியாமல் போயிற்று. விரல் நுனிகளைச் சுண்ணாம்பு தின்று வழவழப்பாக்கிவிட்டது. பத்திரத்தில் கைநாட்டு வைத்தால் மைதான் விழும், ரேகை விழாது. அதனால்தான் பெயரெழுதக் கற்றுக்கொண்டார். செஞ்சியில் கல்வி பரவிய வழிகளில் இதுவும் ஒன்று.

அவர் அடிக்கும் வெள்ளைக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. கடைத்தெருவில் முதுகு வெளுத்த ஆள் ஒருவர் நடந்து போனால், அவர் எந்த வீட்டுச் சுவரில் சாய்ந்துவிட்டு வருகிறார் என்று சொல்லிவிடலாம். இதை யாகப்பனிடமே சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். "மத்தவன் வேலையெல்லாம் செவுத்தோட நின்னுடுது. நம்ம வேலதான் ஊரு பூரா நடமாடுது" என்பார்.

வெள்ளை ஒட்டிக்கொண்டு போவதற்குக் காரணம் இருந்தது. சுண்ணாம்பு சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டுமானால், நீற்றும்போதே நொய்க் கஞ்சி ஊற்ற வேண்டும். வேலை கொடுப்பவர்கள் அதற்கென்று ஒன்று இரண்டு படி நொய் தனியாகக் கொடுத்தனுப்புவது வழக்கம். யுத்தம் வந்தது, ரேஷன் வந்தது. சுவருக்கு வாய் கிடையாது. யாகப்பன் வீட்டில் ஏழு வாய். கஞ்சி எங்கே போயிருக்கும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

ஊருக்கு வெள்ளையடித்த யாகப்பன் மாதா கோயிலுக்கு மட்டும் அடித்ததில்லை. அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயில், தாலி கட்டிய கோயில். ஆனாலும் பதினோரு வருஷமாகப் பாஸ்கா என்கிற ஈஸ்டர் பண்டிகைக்கு முன்னால் திண்டிவனத்திலிருந்து ஓர் ஆள் வந்துதான் அடித்துவிட்டுப் போகிறான். பூசையில் முழந்தாளிடும்போதெல்லாம் யாகப்பனுக்கு எதிரே பீடம் தெரியாது, திண்டிவனத்துக்காரனின் வெள்ளைதான் தெரியும். ஒருநாள் ஜெபத்தின் நடுவில் யாரும் பார்க்காமல் அதைத் தொட்டுப் பார்த்தார். ஒட்டவில்லை. அந்த வாரம் சாமியாரிடம் செய்த பாவசங்கீர்த்தனத்தில் பொறாமை என்று ஒன்று கூடிற்று. சாவதற்குள் ஒரு தடவை அந்தச் சுவரைத் தான் அடிக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் சொன்னதில்லை.

இந்த நிலையில்தான் செஞ்சிக்குக் கலை வந்து சேர்ந்தது.

செஞ்சிக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். ஊரைச் சுற்றி மூன்று மலை, மூன்றின்மேலும் கோட்டை. பிறந்ததிலிருந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்களில் ஏறிப் பார்த்தவர்கள் கொஞ்சம். வெளியூர்க்காரன் வந்து வழி கேட்டால், "மேல ஒன்னுமில்லீங்களே, இன்னாத்துக்குப் போறீங்க?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள். எதை யார் கட்டினார்கள் என்று கேட்டால் தேசிங்கு ராஜன் என்பார்கள், போன வருஷம் வெட்டிய கிணற்றைக்கூட. அப்படிப்பட்ட ஊரில், சுதந்திரம் வந்து ஒன்றரை வருஷத்துக்குள் கலைச்செல்வ வளர்ச்சிச் சங்கம் ஒன்று முளைத்துவிட்டது. தலைவர் அரங்கநாதன்; மல்லாட்டை மண்டிக்காரர், அதாவது வேர்க்கடலை மொத்த வியாபாரி. காரியதரிசி ராஜாங்கம், பத்திரப் பதிவு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ரிடையர் ஆனவர்.

சங்கம் தன் முதல் காரியமாக ஒரு விழா எடுக்கத் தீர்மானித்தது. பாரத நாட்டின் கலைச் செல்வத்தைக் கொண்டாடுவது, வளரும் ஓவியர்களுக்குப் போட்டி வைத்து ஊக்கம் தருவது. இடம், சிங்கவரம் சாலையில் இருந்த பழைய மண்டபம். அதில் அரங்கநாதன் விதைக்கடலை மூட்டை அடுக்கி வைத்திருந்தார். மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டெபுடி கலெக்டர் வருவதாக ஏற்பாடு. மூட்டைகள் வெளியே போயின. யாகப்பன் உள்ளே வந்தார்.

"யோவ் யாகப்பா, வழக்கம்போல மேல மேல பூசிட்டுப் போவாத" என்றார் ராஜாங்கம். "பழசெல்லாம் சொரண்டிட்டு அடி. அதுவும் பின்செவுரு பளிச்சுனு இருக்கணும். பசங்க வரைஞ்ச படமெல்லாம் அதுலதான் ஆணி அடிச்சு மாட்டப் போறோம்."

பக்கத்தில் தேவசகாயம் நின்றிருந்தார். மாதா கோயில் நிர்வாகம் அவர் கையில். யாகப்பனுக்குத் தூரத்து உறவு. உறவு என்பதாலேயே கோயில் வேலையைக் கொடுக்காதவர்.

"டேய், எல்லாம் பேசிட்டுதான் ஒனக்கு இந்த வேலய வாங்கிக் குடுத்திருக்குது" என்றார். "ஞாயித்துக்கெழம வந்து செவுத்துல சாஞ்சு பாப்பேன். என் சட்டை வெளுக்கலன்னா, பாஸ்காவுக்கு மாதா கோயிலு ஒனக்கு."

யாகப்பன் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "சரிண்ணே" என்று மட்டும் சொன்னார்.

அரங்கநாதன் இரண்டு படி நொய் அனுப்பினார். இந்தத் தடவை கஞ்சி சுவருக்குத்தான் என்று யாகப்பன் உறுதியாக வீட்டுக்குள் நுழைந்தார். இருதயமேரி அதை மறுக்கவில்லை.

"நான் இன்னா வேணான்னா சொல்றேன்? செவுரு குடிச்சது போவ மீதி இருந்தா புள்ளைங்களுக்கு ஊத்தறேன்."

பாதி வீட்டுக்கு, பாதி சுவருக்கு என்று முடிவாயிற்று. நியாயமான பங்கீடுதான். ஆனால் கஞ்சி கொதிக்கிற வாசனைக்கு நியாயம் தெரியாது. பானை காலியானபோது கடைசிக் கிண்ணம் யாகப்பன் கையில்தான் இருந்தது. துவையல் வேறு நன்றாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவசகாயத்துக்கு எப்படியாவது நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போட்டுவிட வேண்டும், சாயவே விடக்கூடாது என்று அவர் திட்டத்தை மாற்றிக்கொண்டார்.

கூட்டாளி தாவூதோடு மூன்று சுவர்களை முடித்தார். தாவூத் சுண்ணாம்பு நீற்றுவதில் கெட்டிக்காரர்; நாக்கு அதைவிடச் சூடு. வியாழக்கிழமை பின்சுவருக்கு வந்தார்கள். ராஜாங்கம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததால், யாகப்பன் தம் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு சுவரை ஒழுங்காகச் சுரண்டத் தொடங்கினார்.

கரண்டியை வைத்து ஒரு நெம்பு நெம்பியதுதான். பழைய வெள்ளை, முறம் அளவு அப்பளமாகப் பெயர்ந்து காலடியில் விழுந்து நொறுங்கியது. இன்னொரு நெம்பு, இன்னொரு அப்பளம். யாகப்பன் ஒரு துண்டை எடுத்து ஓரத்தைப் பார்த்தார். ஏடு ஏடாகத் தெரிந்தது. மேல் ஒன்பது ஏடு அவர் அடித்தது. அதற்குக் கீழே இருந்தது அவருடைய நைனா சவரிமுத்து அடித்தது. அதுவும் அதே லட்சணத்தில் கையோடு வந்துவிட்டது.

"மச்சான்," என்றார் தாவூத், "ஒங்க நைனா ரொம்ப நேர்மையான மனுசன்னு சொல்வியே?"

"சொன்னேன்."

"அவரும் குடிச்சிருக்காரு."

யாகப்பன் மறுத்துப் பேச வாய் திறந்தார். அப்போதுதான் சுவரைப் பார்த்தார்.

சுவரில் ஒரு கண் இருந்தது.

மையெழுதிய நீளக் கண். இன்னும் இரண்டு நெம்பு நெம்பியதும் மூக்கு வந்தது, மூக்குத்தி வந்தது, கொண்டை வந்தது. மத்தியானத்துக்குள் ஐந்து பெண்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி கையில் வெற்றிலைத் தட்டு, ஒருத்தி கையில் மூக்கு வைத்த நீர்க்கெண்டி. கடைசிப் பெண் கையில் ஒரு கிளி. காவியும் மஞ்சளும் பச்சையும் அங்கங்கே உதிர்ந்திருந்தாலும், வெள்ளைக்குள் பத்திரமாக இருந்ததால் முகங்கள் முகங்களாகவே இருந்தன. கஞ்சி ஊற்றிய சுண்ணாம்பாக இருந்திருந்தால் வண்ணத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்திருக்கும். இரண்டு தலைமுறை அயோக்கியத்தனம் சேர்ந்து ஒரு நல்ல காரியம் செய்திருந்தது.

தாவூத் கிளியைப் பார்க்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். "மச்சான், எண்ணு."

"எத?"

"வெரல."

யாகப்பன் எண்ணினார். கிளி உட்கார்ந்திருந்த கையில் ஆறு விரல். மற்ற நாலு பெண்களுக்கும் அளவெடுத்தாற்போல் ஐந்தைந்துதான். தட்டு பிடித்த கை அவ்வளவு ஒயில். இந்தக் கை மட்டும் மண்வெட்டி மாதிரி, விரல்கள் முருங்கைக்காய் மாதிரி.

"இது வேற ஆளு போட்டது" என்றார் தாவூத். "பெரிய ஆளு சோத்துக்குப் போயிருப்பான். வேல கத்துக்க வந்தவன் கிட்ட, இந்தாடா இந்தக் கையை மட்டும் போடுன்னு வுட்டுட்டுப் போயிருப்பான்."

"திரும்பி வந்து பாத்திருப்பானே?"

"பாக்காம இருப்பானா?"

"பின்ன ஏன் அழிக்கல?"

தாவூத் கை கழுவப் போய்விட்டார்.

யாகப்பன் அழிக்கத் தெரிந்தவர் என்பதால் அவருக்கு அது புரியவில்லை. பதினெட்டு வயதில் அவர் முதன்முதலில் அடித்த காவிப் பட்டை, ஒரு மளிகைக் கடை வாசலில், ஏணி நகர்ந்ததில் பாம்பாக நெளிந்துபோயிற்று. நைனா அரை மணி நேரத்தில் அதன்மேல் வெள்ளையடித்து மூடிவிட்டு, பட்டையைத் தாமே போட்டார். செய்தது சரிதான். கடைக்காரன் பார்த்திருந்தால் இரண்டு பேருக்கும் வேலை போயிருக்கும். இங்கே, இவ்வளவு பெரிய சுவரில், யாரோ ஒருவன் மண்வெட்டிக் கை போட்டிருக்கிறான். அதைவிடப் பெரியவன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கிறான். அந்த விட்டவன்மேல் யாகப்பனுக்குக் கோபமே வந்தது. இப்படியும் ஒரு மேஸ்திரி உண்டா?

ராஜாங்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினார். ராஜாங்கம் குடைக்காம்பால் ஒரு பெண்ணின் முழங்கையைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னாய்யா இது, கறை?"

"படங்க."

"படம்னா பனமலைக் கோயில்ல இருக்குது பாரு, அம்மன், அது படம். பல்லவர் காலம். இது யாரு? தட்டு தூக்கற பொம்பளைங்க. அதுலயும் இவளுக்கு ஆறு வெரலு. கலைச்செல்வம்னு டெபுடி கலெக்டர கூட்டிட்டு வந்து ஆறு வெரலயா காட்டறது? சங்கத்து மானம் இன்னாத்துக்கு ஆவும்?"

"அப்ப..."

"நாளைக்குள்ள வெள்ள அடிச்சு முடி. ஆணி அடிக்க ஆளு சனிக்கெழம வருது."

வெள்ளிக்கிழமை காலையில் யாகப்பன் மட்டையை எடுத்தார். பனைமட்டையின் நுனியை நசுக்கி நாராக்கிச் செய்த மட்டை; நைனா காலத்துக் கைப்பிடி. அடிப்பதா வேண்டாமா என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். சொன்னார்கள், அடித்தார். மாதா கோயில் கண்ணுக்குள் நின்றது. இடது ஓரத்தில் கெண்டிக்காரியிடமிருந்து ஆரம்பித்தார்.

நல்ல சுண்ணாம்புக்கு ஒரு குணம் உண்டு. ஈரமாக இருக்கும்போது அது வெள்ளையே அல்ல. தண்ணீர் மாதிரி உள்ளே இருப்பதைக் காட்டும். காயக் காயத்தான் வெளுக்கும். மட்டை பட்ட இடத்தில் கெண்டிக்காரி குளித்து எழுந்தவள்போல் பளபளத்தாள். நேற்று மங்கலாக இருந்த பச்சை இன்று பச்சை வெற்றிலையாக இருந்தது. உதடு சிவந்தது. யாகப்பன் முப்பது வருஷத்தில் ஒரு சுவரை இவ்வளவு அழகாக ஆக்கியதில்லை. பின்னால் நகர்ந்து நின்று தம் வேலையைத் தாமே ரசித்தார். ரசித்துக்கொண்டிருக்கும்போதே, நெற்றியிலிருந்து கீழாக அவள் வெளுக்க ஆரம்பித்தாள். கண் மங்கிற்று. மூக்குத்தி போயிற்று.

யாகப்பன் மட்டையைக் கீழே போட்டார். வாளித் தண்ணீரை அப்படியே சுவரில் வீசி, தலைத்துண்டை அவிழ்த்துத் துடைத்தார். சுண்ணாம்பு அவர் முழங்கை வழியாக வழிந்து இடுப்பு வேட்டியில் இறங்கியது. மூக்குத்தி திரும்ப வந்தது. கண்ணும் வந்தது, கொஞ்சம் கோபமாக.

"இன்னா மச்சான், பொம்பளைக்கு மூஞ்சி கழுவி வுடறியா?" என்றார் தாவூத். "ஊட்டுல சொல்லட்டுமா?"

"சொல்லு. அவ நம்ப மாட்டா. நான் எதையும் கழுவி அவ பாத்ததில்ல."

"அடிக்கப் போறியா இல்லியா?"

"அடிக்கலன்னா மாதா கோயிலு போச்சு."

"அடி, அப்ப."

யாகப்பன் வரிசையின் கோடியில் இருந்த மண்வெட்டிக் கையைப் பார்த்தார். எவ்வளவு அசிங்கமான கை. கிளி எப்படித்தான் அதில் உட்கார்ந்ததோ. "நல்லா போட்டிருந்தான்னாகூட அடிச்சிருவேன் தாவூது" என்றார். "நல்லா போட்டவனுக்கு வேற எடத்துலயும் செவுரு இருக்கும். இந்தப் பயலுக்கு இத வுட்டா வேற எடம் இருக்காது."

துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு மண்டிக்குப் போனார்.

மண்டியில் அரங்கநாதன், ராஜாங்கம், தேவசகாயம் மூவரும் மாலைக்கு எத்தனை முழம் என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். படத்தைக் காப்பாற்றப் பேசினால் ராஜாங்கம் கேட்கமாட்டார் என்று யாகப்பனுக்குத் தெரியும். வேறு வழியில் போனார்.

"ஐயா, பின்செவுத்துல வெள்ள நிக்காதுங்க."

"ஏன் நிக்காது?"

"கஞ்சி போடலீங்க."

அரங்கநாதன் நிமிர்ந்தார். "ரெண்டு படி நொய்யி குடுத்தனுப்பனேனே?"

"வந்துச்சுங்க. செவுரு குடிக்க வேண்டியத நாங்க குடிச்சுட்டோம்."

மண்டியில் கடலை உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் உடைப்பதை நிறுத்தினார்கள்.

"இந்த வருசம் மட்டுமா?" என்று தேவசகாயம் கேட்டார்.

யாகப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தார். "யுத்தத்துக்கு முன்னால கொஞ்சம் ஊத்துவேண்ணே. எங்க நைனாகூட... நேத்து சொரண்டறப்பதான் தெரிஞ்சுது."

"செத்தவனையுமாடா காட்டிக் குடுப்ப?"

ராஜாங்கம் எழுந்துவிட்டார். "சரி, இப்ப கஞ்சி போட்டு அடி!"

"நீத்தும்போதே ஊத்தி, ரெண்டு நாளு மூடி வெக்கணுங்க. அடிச்சா காய ஒரு நாளு. திங்கக்கெழம வந்து பாருங்க, பளிச்சுனு இருக்கும்."

"விழா ஞாயித்துக்கெழமய்யா!"

"அதத்தாங்க சொல்ல வந்தேன்."

"கஞ்சி இல்லாமயே அடியேன்!"

"அடிக்கலாங்க. மத்த மூணு செவுரு சாஞ்சாதான் ஒட்டும். இது சாயாமலே கொட்டும். டெபுடி கலெக்டரு நாற்காலி அதுக்கு நேர் கீழதான போட்டிருக்கீங்க?"

இந்தக் கடைசி வாக்கியம் பாதி பொய். மற்றதெல்லாம் மானத்தை வாங்கும் அளவுக்கு உண்மை என்பதால், பொய்யும் அதனோடு சேர்ந்து நல்ல துணி உடுத்திக்கொண்டது.

தேவசகாயம் மட்டும் நிதானமாகக் கேட்டார். "அப்ப மாதா கோயில ஒன் கிட்ட குடுத்திருந்தாலும் இப்படித்தான் செஞ்சிருப்ப?"

இல்லை என்று சொல்லலாம். சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. "நொய்யி குடுத்திருந்தீங்கன்னா, ஆமாண்ணே" என்றார் யாகப்பன்.

தேவசகாயம் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். யாகப்பனின் பதினோரு வருஷ ஆசை அந்தத் துண்டோடு போயிற்று.

சுவரை மூடப் பத்து வெள்ளை வேட்டிகளைச் சலவைக்காரரிடம் இரவல் வாங்கித் தொங்கவிடுவது, படங்களை வேட்டியில் ஊசி குத்தி மாட்டுவது என்று ராஜாங்கம் முடிவு செய்தார். அதன்படி சனிக்கிழமை காலை யாகப்பன் சுவருக்கு வேட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, பெண்கள் பள்ளிக்கூடத்துச் சித்திர டீச்சர் ஆண்டாள், தன் படத்துக்கு ஒதுக்கிய இடத்தைப் பார்க்க வந்தாள். இருபத்திரண்டு வயது. சுருட்டி வைத்திருந்த படத்தை அவளே பிரித்துக் காட்டினாள். பாரத மாதா, பக்கத்தில் சிங்கம்.

"சிங்கம் நல்லா சாதுவா இருக்குதும்மா" என்றார் யாகப்பன்.

"சிங்கத்த நான் எங்க பாத்தேன் மேஸ்திரி? எங்க ஊட்டுப் பூனைய பாத்துப் போட்டேன். அதுவும் தூங்கிட்டிருந்துது."

யாகப்பனுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. சுவரில் தொங்கிய வேட்டியை ஒதுக்கிக் காட்டினார்.

ஆண்டாள் வீட்டுக்கு ஓடிப்போய்க் காகிதமும் வண்ணப்பெட்டியும் கொண்டுவந்து, வெளியிலிருந்து கடலை மூட்டை ஒன்றைப் புரட்டிக்கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தாள். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. கிளிக்காரியை வரைந்தாள். கடைசியில் அந்தக் கையிடம் வந்து நின்றாள்.

"மேஸ்திரி, வெரலு ஆறு இருக்குது. அஞ்சாக்கிடட்டுமா? பாக்கறவங்க எனக்குத்தான் எண்ணத் தெரியலன்னு சொல்வாங்க."

"என்னக் கேக்கறியேம்மா. செவுத்துல இருக்கறத மறைக்கத்தான் எனக்குத் தெரியும். வேற ஒன்னும் தெரியாது."

அவள் தூரிகையைத் தண்ணீரில் நனைத்தாள். ஆறாகவே போட்டாள். பூனையும் பாரத மாதாவும் சுருட்டியபடியே வீட்டுக்குத் திரும்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை டெபுடி கலெக்டர் நாலரைக்கு வந்தார். நம் கலைச்செல்வத்தைக் கண்ணின் மணிபோல் காக்க வேண்டும் என்று ராஜாங்கம் நாற்பது நிமிஷம் பேசினார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில், பத்து வேட்டிக்குப் பின்னால், அது நின்றுகொண்டிருந்தது. பிறகு அதிகாரி படங்களைப் பார்வையிட்டார். ஆண்டாள் படத்தின் முன் நின்றார்.

"இந்தப் பெண்ணுக்குக் கை வருகிறது. கணக்குத்தான் வரவில்லை போலிருக்கிறதே. விரல் ஆறு?"

கூட்டம் சிரித்தது. ஆண்டாள் சத்தமாகவே சொன்னாள்: "செவுத்துல அப்படித்தாங்க இருக்குது."

"எந்தச் சுவரில்?"

ராஜாங்கம் பலமாக இருமினார். ஆண்டாள் தன் படத்தை இறக்கிவிட்டு, அது மாட்டியிருந்த வேட்டியை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

அதிகாரி அருகே போனார், தள்ளி வந்தார். மீதி வேட்டிகளையும் எடுக்கச் சொன்னார். முழு வரிசையையும் ஒரே பார்வையில் பார்க்க வேண்டுமென்று பின்னாலேயே நகர்ந்து போய், பக்கச் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். யாகப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதை யார் கண்டுபிடித்தது?"

"சங்கத்தின் ஆராய்ச்சிங்க. வெயில் படக்கூடாதேன்னுதான் மூடி வெச்சிருந்தோம்" என்றார் ராஜாங்கம்.

"அதில்லை. வெள்ளையை எடுத்த கை எது?"

குற்றவாளியைக் காட்டுகிறாற்போல் எல்லா விரல்களும் யாகப்பனைக் காட்டின. அதிகாரி அவரிடம் வந்து, வெந்துபோன அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்தச் சுவரில் இனி ஆணியோ மட்டையோ படக்கூடாது என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். கறுப்புக் கோட்டின் முதுகு முழுவதும் யாகப்பனின் வேலைப்பாடு. வாசலில் நின்றிருந்த தேவசகாயம் அதைப் பார்த்தார். யாகப்பனையும் பார்த்தார்.

ஆண்டாளுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு ராஜாங்கத்தின் மைத்துனர் மகன் வரைந்த மயிலுக்குப் போயிற்று. அந்த மயிலுக்கு இரண்டு காலும் ஒரே பக்கம் இருந்தன. அது யார் கண்ணிலும் படவில்லை. ஆண்டாள் அதற்கப்புறம் விடுமுறை நாட்களிலெல்லாம் மண்டபத்துக்கு வந்து, மற்ற நாலு பெண்களையும் ஒவ்வொருத்தியாக வரைந்தெடுத்தாள். மூட்டைகளைத் தள்ளி வைக்கச் சொல்லி அரங்கநாதனிடம் சண்டை போடவும் கற்றுக்கொண்டாள்.

பாஸ்காவுக்குத் திண்டிவனத்துக்காரன் வந்து மாதா கோயிலுக்கு வெள்ளையடித்தான். ஏணி போதவில்லை என்று யாகப்பனிடம் வந்து இரவல் கேட்டான். கொடுத்தார். பூசையில் முழந்தாளிட்டபோது, இந்த வெள்ளையில் நம் ஏணியும் கொஞ்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். நினைத்த உடனே சிரிப்பு வந்து, பக்கத்திலிருந்த இருதயமேரி தொடையில் கிள்ளினாள்.

ஆண்டறிக்கைக்கு விவரம் கேட்டு ராஜாங்கம் ஆள் அனுப்பியிருந்தார். எத்தனை வருஷ ஆராய்ச்சி என்று எழுதுவது என்பது கேள்வி. "நைனா காலத்தையும் சேத்து எழுதிக்கச் சொல்லு" என்று யாகப்பன் பதில் அனுப்பினார். எழுதிக்கொண்டார்கள்.

யாகப்பன் செய்தது இவ்வளவுதான். 1949 மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சிங்கவரம் சாலை மண்டபத்தின் பின்சுவரில், பதினான்கு அடி நீளத்துக்கு, அவர் வெள்ளையடிக்கவில்லை.